ஆன் ஆகிறது, ஆனால் பூட் ஆகவில்லை: கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

பட்டனை அழுத்துகிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. இல்லையென்றால் லோகோ வரை வந்து, அதற்கு மேல் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. இந்த நிலைமையில் பலர் செய்வது இரண்டில் ஒன்று: "எஸ்எம்பிஎஸ் போயிடுச்சு போல" என்று அந்த மின்சப்ளை பெட்டியைப் புதிதாக வாங்கி மாட்டுவது, அல்லது விண்டோஸை ஃபார்மட் செய்ய உட்காருவது. இரண்டுமே கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிகிற வேலை. டிஸ்ப்ளேயே வராத மெஷினில் விண்டோஸைத் திட்டி என்ன பயன்? விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லையே.

பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் தெரிகிறவரை நடப்பது ஒரு வரிசை. எஸ்எம்பிஎஸ் மின்சாரம் கொடுக்கிறது, அளவு சரியானதும் மதர்போர்டுக்கு "ரெடி" என்று ஒரு சிக்னல் அனுப்புகிறது. ப்ராசஸர் எழுந்து, மதர்போர்டிலேயே பதிந்திருக்கிற தொடக்க புரோகிராமான பயாஸைப் படிக்கிறது. பயாஸ் ராமைச் சோதிக்கிறது, கிராபிக்ஸைத் தேடுகிறது, கீபோர்டு, டிஸ்க் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்க்கிறது. இந்தச் சோதனைக்குத்தான் போஸ்ட் என்று பெயர். அது முடிந்தபிறகுதான் எந்த டிஸ்கில் விண்டோஸ் இருக்கிறது என்று தேடி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. உங்கள் மெஷின் இந்த வரிசையில் எதுவரை வந்து நின்றது என்பது தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் பத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிடும். ஃபேன் சுற்றுவது மட்டும் எதற்கும் சாட்சி இல்லை. 12 வோல்ட் வந்தால் ஃபேன் சுற்றும், அவ்வளவுதான்.

ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன்

கேபினட்டைத் திறக்காமலேயே தீருகிற கேஸ்கள் நிறைய. பின்னாலும் முன்னாலும் செருகியிருக்கிற பென் டிரைவ், பிரிண்டர், எக்ஸ்டர்னல் டிஸ்க், கார்டு ரீடர் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். கீபோர்டும் மானிட்டரும் போதும். பென் டிரைவிலிருந்து பூட் ஆகப் பார்த்துவிட்டு அங்கேயே திகைத்து நிற்கிற மெஷின்கள் உண்டு, கெட்டுப்போன ஒரு யுஎஸ்பி ஹப் லோகோவிலேயே நிறுத்தி வைப்பதும் உண்டு.

அடுத்தது மானிட்டர் கேபிள். தனியாக கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அந்த கார்டில்தான் இருக்க வேண்டும், மேலே மதர்போர்டில் இருக்கிற எச்டிஎம்ஐ ஓட்டையில் இல்லை. மேசையை இடம் மாற்றிய பிறகு, தூசு தட்டிய பிறகு "டிஸ்ப்ளே போச்சு" என்று வந்தால் நான் முதலில் குனிந்து பார்ப்பது இதைத்தான். மானிட்டரில் இன்புட் சரியாகத் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது ஒரு சின்னச் சோதனை. கீபோர்டில் நம்லாக் அல்லது கேப்ஸ்லாக் கீயை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால், திரை கறுப்பாக இருந்தாலும் உள்ளே மெஷின் உயிரோடு இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் டிஸ்ப்ளே பக்கம். விளக்கு அசையவே இல்லையென்றால் போஸ்ட் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். காசு செலவில்லாத இந்த ஒரு கீ, பாதி சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

சரி, மெஷின் பேசுகிறதா என்றும் கவனியுங்கள். பழைய போர்டுகளில் சின்ன ஸ்பீக்கர் பீப் அடிக்கும். பல பயாஸ்களில் ஒரே ஒரு குட்டி பீப் என்றால் எல்லாம் நலம். திரும்பத் திரும்ப நீளமாக அடித்தால் ராம் பக்கமும், ஒரு நீளம் கூடவே இரண்டு மூன்று குட்டை என்றால் கிராபிக்ஸ் பக்கமும் முதலில் பாருங்கள். ஆனால் பயாஸுக்கு பயாஸ் இந்தக் கணக்கு மாறும் என்பதால் உங்கள் போர்டின் மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். புதிய போர்டுகளில் பல சமயம் பீப்புக்குப் பதிலாக ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கும், பக்கத்திலேயே சிபியூ (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று அச்சடித்திருக்கும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். இந்த விளக்கைப் பார்க்காமலேயே இரண்டு நாள் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

டிடிஆர்5 ராம் போட்ட புதிய மெஷின் என்றால் பொறுமை வேண்டும். ராமை முதல் தடவை மாட்டியதும், அல்லது பயாஸ் செட்டிங் அழிந்ததும், போர்டு அந்த ராமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அந்த நேரமெல்லாம் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு கால்மணி நேரம் விட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

திரையில் எதுவுமே வரவில்லை

பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, முன்பக்க பவர் பட்டனை 15, 20 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கிற மின்சாரம் வடிந்துவிடும். மின்வெட்டுக்குப் பிறகு முரண்டு பிடிக்கிற மெஷின்கள் சில இதிலேயே எழுந்துவிடும். எழவில்லையென்றால் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள், உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக் மின்சாரம் இறங்கட்டும். பவர் கார்டு பிடுங்கியே இருக்கட்டும்.

முதலில் பவர் கேபிள்கள். மதர்போர்டுக்கு இரண்டு இடத்தில் மின்சாரம் போக வேண்டும்: ஓரத்தில் இருக்கிற பெரிய 24 பின், ப்ராசஸருக்குப் பக்கத்தில் மேல் மூலையில் இருக்கிற 4 அல்லது 8 பின். இந்த இரண்டாவதுதான் மறந்துபோகிற ஆசாமி. அது இல்லாமலேயே ஃபேனெல்லாம் ஜம்மென்று சுற்றும், ப்ராசஸர் மட்டும் பட்டினி கிடக்கும். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனி பவர் ஓட்டை இருந்தால் அதையும் பாருங்கள்.

அப்புறம் ராம். "நோ டிஸ்ப்ளே" என்று சொல்லப்படுகிற கோளாறில் முதல் சந்தேகம் எப்போதும் ராம் மேல்தான், அதற்குக் காரணமும் இருக்கிறது. தங்கப் பூச்சுள்ள நூற்றுக்கணக்கான மெல்லிய முனைகள் வெறும் அழுத்தத்தால் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. தூசு, ஈரக்காற்று, கேபினட்டைத் தூக்கிய ஒரு குலுக்கல் என்று எது வேண்டுமானாலும் அதில் ஒரு முனையைப் பிரித்துவிடும்.

ஒருமுறை தூசு தட்டி முடித்து எல்லாவற்றையும் மாட்டினேன், டிஸ்ப்ளே இல்லை. ராமை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன், கிளிப்பும் பூட்டித்தான் இருந்தது. கடைசியில் போன் டார்ச்சை ஸ்லாட்டுக்குச் சமமாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒரு முனையில் ராம் நேராக இறங்கியிருந்தது, மறுமுனையில் நகத்தின் தடிமன் அளவுக்கு மேலே தூக்கிக்கொண்டு, தங்க நிறம் மெல்லிய கோடாக வெளியே தெரிந்தது. அந்தப் பக்கம் அசையும் கிளிப் இல்லாத போர்டு அது, ஒரு பக்கம் மட்டும் "க்ளிக்" என்றதை நான் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலால் அந்த முனையை அழுத்தினேன், இறங்கியது. அவ்வளவுதான் ரிப்பேர்.

ஆக, எல்லா ராமையும் கழற்றுங்கள். பென்சில் அழிக்கிற சாதாரண ரப்பரால் தங்க முனைகளை மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, துகள்களை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் இருந்தால் இன்னும் நல்லது, ரப்பர் கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். இப்போது ஒரே ஒரு ராமை மட்டும் மாட்டிப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் ஒற்றை ராமுக்குப் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட், இரண்டு ராம் என்றால் இரண்டாவதும் நான்காவதும். வரவில்லையா? அதே ஸ்லாட்டில் அடுத்த ராம். அதுவும் இல்லையா? வேறு ஸ்லாட். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி மெஷின் எழுந்துவிட்டால், எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

கிராபிக்ஸ் கார்டையும் கழற்றி மாட்டுங்கள், ஸ்லாட்டின் கடைசியில் இருக்கிற பூட்டைத் தள்ளிவிட்ட பிறகே இழுக்க வேண்டும். ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டை முழுசாக எடுத்துவிட்டு போர்டின் எச்டிஎம்ஐயில் பாருங்கள். இன்டெல்லில் பெயர் முடிவில் எஃப் என்று இருக்கிற ப்ராசஸர்களிலும், ரைசன் 5000 வரிசையில் ஜி இல்லாத டெஸ்க்டாப் ப்ராசஸர்களிலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. அவற்றில் கார்டு இல்லாமல் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

அடுத்து சிமாஸ், அதாவது பயாஸ் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கிற குட்டி நினைவகம். பயாஸில் ஏதாவது தாறுமாறாக மாறியிருந்தால், குறிப்பாக ராம் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால், அதை அழிப்பதுதான் மருந்து. பவர் கார்டு பிடுங்கிய நிலையில் சிஆர்2032 என்கிற அந்த வட்ட பேட்டரியை எடுத்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் கழித்து மாட்டலாம், அல்லது போர்டில் அதற்கென்று இருக்கிற இரண்டு பின்னைச் சில விநாடி ஸ்க்ரூடிரைவர் முனையால் தொடலாம். எந்த இரண்டு பின் என்பதை மேனுவலில் பார்த்தபிறகு மட்டும். அந்த பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டும்; பல வருடம் பழசு என்றால் அளந்து பார்க்காமலேயே புதுசு போட்டுவிடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு எச்சரிக்கை: டிஸ்கில் பிட்லாக்கர் என்கிற விண்டோஸ் பூட்டு இருந்தால், பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். பல கணினிகளில் நமக்கே தெரியாமல் இந்தப் பூட்டு ஆன் ஆகியிருக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று போனில் பார்த்துவிட்டுப் பிறகு பேட்டரியில் கை வையுங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றி, போர்டு, ப்ராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் இவ்வளவு மட்டும் வைத்துப் பார்ப்பதுதான் வழி. போர்டைக் கேபினட்டிலிருந்தே வெளியே எடுத்து அதன் அட்டைப் பெட்டி மேல் வைத்து ஓட்டினால், போர்டைத் தாங்க கேபினட்டில் இருக்கிற பித்தளைத் திருகுகளில் தவறான இடத்தில் இருக்கிற ஒன்று போர்டை ஷார்ட் செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லையென்றால் அதுதான். போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா, எங்காவது கருகல் இருக்கிறதா என்றும் இந்தச் சாக்கில் பார்த்துவிடலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கிற பழக்கம் உண்டு. சுற்றவில்லையென்றால் பெரும்பாலும் போய்விட்டது. சில எஸ்எம்பிஎஸ் லோடு இல்லாதபோது ஃபேனைச் சுற்றவே விடாது, அதையும் மனதில் வையுங்கள். சுற்றினால் நல்லது என்று அர்த்தமில்லை, ஏனென்றால் லோடு ஏறும்போதுதான் பலவீனமான சப்ளை படுக்கும். மல்டிமீட்டர் இருந்தால் மெஷின் ஓடும்போதே அளவெடுங்கள்: மஞ்சள் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள், சிவப்பு 4.75 முதல் 5.25க்குள் இருக்க வேண்டும். நிச்சயமான சோதனை, நன்றாக ஓடுகிற வேறு மெஷினின் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பது. அப்படிச் செய்யும்போது அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளையே பயன்படுத்துங்கள். கழற்றி மாட்டுகிற கேபிள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாற்றி மாட்டினால் போர்டோ டிஸ்கோ கருகிவிடும். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி அடிக்கிற சார்ஜ் இருக்கும்.

ஆன் ஆகி ஐந்தாறு விநாடியில் அணைந்து மறுபடி ஆன் ஆகிக்கொண்டே இருந்தால் ஷார்ட், எஸ்எம்பிஎஸ், ராம் மூன்றையும் சந்தேகப்படுங்கள். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அணைந்தால் ப்ராசஸர் கூலரை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஏதோ ஒரு கால் விட்டிருக்கிறது.

லோகோ வருகிறது, டிஸ்க் இல்லை என்கிறது

இங்கே வந்துவிட்டால் பாதி நிம்மதி. ராம், ப்ராசஸர், கிராபிக்ஸ் எல்லாம் ஓரளவு சரி. டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே ஆன் செய்து பயாஸுக்குள் போங்கள். லோகோவிலேயே உறைந்து உள்ளே விடவில்லையென்றால், எல்லா ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி கேபிளையும் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். சாகப்போகிற டிஸ்க் ஒன்று பதில் சொல்லாமல் பயாஸைக் காக்க வைப்பது சகஜம்.

பயாஸில் உங்கள் டிஸ்கின் பெயர் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் டிஸ்கையும் போர்டையும் இணைக்கிற சாட்டா கேபிளை மாற்றுங்கள், போர்டில் வேறு போர்ட்டில் செருகுங்கள், போர்டிலேயே நேராகச் செருகுகிற எம்.2 எஸ்எஸ்டி என்றால் கழற்றி மறுபடி திருகுங்கள். ஹார்டு டிஸ்கிலிருந்து "டக்... டக்..." என்று சீராகச் சத்தம் வந்தால், உள்ளே இருக்கிற ஃபைல்கள் முக்கியமென்றால், அதோடு நிறுத்திவிட்டு டேட்டா ரெக்கவரி செய்கிறவர்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் மிச்சமிருப்பதும் போகும்.

டிஸ்க் தெரிகிறது, ஆனாலும் "பூட் டிவைஸ் இல்லை" என்கிறதா? தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் சிமாஸ் பேட்டரி செத்து, பயாஸ் தன் ஆரம்ப (டீஃபால்ட்) செட்டிங்குக்குத் திரும்பியிருக்கிறது. அப்போது மாறிப்போவது மூன்று: பூட் வரிசை, பூட் முறை புதிய யுஇஎஃப்ஐயா பழைய லெகசியா என்பது, டிஸ்கோடு பேசுகிற கண்ட்ரோலரின் முறை ஏஎச்சிஐயா ரெய்டா என்பது. ஜிபிடி என்கிற புதிய முறையில் பிரித்த டிஸ்கில் இருக்கிற விண்டோஸுக்கு யுஇஎஃப்ஐ வேண்டும், எம்பிஆர் என்கிற பழைய முறை என்றால் லெகசி, அதாவது சிஎஸ்எம். விண்டோஸ் 11 என்றால் சந்தேகமில்லாமல் யுஇஎஃப்ஐ. இதையெல்லாம் யோசிக்காமல் "டிஸ்க் போச்சு" என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. பூட் வரிசையில் வெறும் டிஸ்க் பெயருக்குப் பதிலாக "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்று இருப்பதை முதலில் வையுங்கள்.

விண்டோஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது

புள்ளிகள் சுற்றுகின்றன, நீலத் திரை வருகிறது, திரும்ப ரீஸ்டார்ட். டிஸ்க் கண்ட்ரோலர் செட்டிங் மாறினாலும் "இன்னாக்ஸஸிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரை வரும், அதனால் மேலே சொன்னதை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். மற்றபடி இது பெரும்பாலும் சாஃப்ட்வேர் அல்லது டிஸ்க். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு கோளாறான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை இப்படித்தான் நீலத் திரையில் நிறுத்தியது. அதில் எந்த மெஷினிலும் ஹார்டுவேர் போகவில்லை. அவசியமானதை மட்டும் ஓட்டுகிற சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழித்தால் எழுந்துவிட்டது.

புள்ளி சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அது வரவில்லையென்றால் வேறு கணினியில் விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவ் தயார் செய்து, அதில் "ரிப்பேர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், பிறகு கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவது, பிறகு சிஸ்டம் ரீஸ்டோர், பிறகு சேஃப் மோடு. "ரீசெட்" என்பதைத் தொடவே வேண்டாம், குறைந்தபட்சம் ஃபைல்களை எடுக்கிறவரை.

ஃபைல் எடுக்க எளிய வழி, உபுண்டு மாதிரி ஏதாவது ஒரு லினக்ஸை பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் "ட்ரை" என்று ஓட்டுவது. மெஷின் அதில் ஒரு மணி நேரம் சிக்கலில்லாமல் ஓடினால் போர்டு, ராம், ப்ராசஸர் மேல் சந்தேகம் பெரும்பாலும் நீங்கிவிடும், விண்டோஸும் டிஸ்க்கும் மட்டும் மிச்சம். வேண்டியதை வெளி டிஸ்கில் காப்பி செய்தபிறகே டிஸ்கைச் சரிபார்க்கிற கமாண்டுகளை ஓட்டுங்கள். நோஞ்சான் டிஸ்கில் அந்தச் சோதனையே கடைசி அடியாகிவிடும். நீலத் திரையின் பெயர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வந்தால் மட்டும் மெம்டெஸ்ட்86+ என்கிற சோதனை புரோகிராமைப் போட்டு ராமை இரவு முழுக்கச் சோதியுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் வேண்டாம்.

எழுந்துவிட்டதா? மூடியை இப்போதே திருகிவிடாதீர்கள். ராத்திரி பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு காலையில் ஆன் செய்து பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒழுங்காகப் பூட் ஆகி, குளிர்ந்ததும் பழையபடி முரண்டு பிடிக்கிற கெப்பாசிட்டரும் ஒட்டாத சால்டரும் அந்த முதல் ஸ்டார்ட்டில்தான் மாட்டும்.